இரண்டரைச் சுற்றும் ஒரு மனுவும்

1

நான் கனடாவுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் நிறைந்த ஞாயிற்றுக்கிழமையன்று, என் பேத்தி யாழினி 0.31 மதிப்பெண்ணில் மூன்றாம் இடத்தைத் தவறவிட்டாள். முதல் மூன்று பேர் அடுத்த கட்டப் போட்டிக்குப் போவார்கள். நான்காவதாக வந்தவள் வீட்டுக்குப் போவாள். வீடு வரும் வழியில் பதினேழு சிக்னல்கள். ஒன்பதில் நின்றோம். 

திருவண்ணாமலையில் இதைப் படிப்பவர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். இது கண்ணாடி போன்ற பனித்தரையில், காலில் கத்தி வைத்த பூட்ஸ் கட்டிக்கொண்டு, பாட்டுக்கு ஏற்பச் சுழன்று குதிக்கும் ஆட்டம். பெண்கள் ஆடும்போதுதான் கூட்டம் அதிகம், சண்டையும் அதிகம். யாழினிக்குப் பதின்மூன்று வயது. ஆறு வயதிலிருந்து ஆடுகிறாள். வாரத்தில் ஐந்து நாள் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. என் மகள் மலர்விழி காரை ஓட்டுவாள். மருமகன் வேறு ஊரில் வேலை, சனிக்கிழமை வருவார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து கூடவே போவேன். போய் என்ன செய்வேன் என்றால், எண்ணுவேன்.

அரங்கத்துக்குள் உட்காருவது குளிர்பதனப் பெட்டிக்குள் பெஞ்சு போட்டு உட்காருவதுதான். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, தேரடி வீதியில் வாங்கி வந்த குரங்குக் குல்லா. கார் நிறுத்தும் இடத்திலிருந்து என் பெஞ்சுக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி. பனி கொட்டியிருந்தால் நூற்று நாற்பது, அடி சின்னதாகிவிடும். பெரும்பாலான பெண்கள் இடப்பக்கமாகவே சுழல்கிறார்கள். மலையை ஆயுள் முழுக்க வலமாகச் சுற்றியவனுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் அது தப்பாகவே பட்டது. பிறகு பழகிவிட்டது. இங்கே எல்லாம் அப்படித்தான், பிடிக்காமலே பழகிவிடும்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் புள்ளியியல் பிரிவில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன் நான். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து எடை போட்டு, மாவட்டத்தின் விளைச்சலைக் கணக்கிடுவோம். கயிறு ஒரு சாண் நகர்ந்தாலும் மறுபடி கட்டுவேன். விவசாயிகள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

2

இந்த ஆட்டத்துக்கு மதிப்பெண் போடும் முறை, பார்த்தவுடன் எனக்குப் பிடித்துப்போனது. ஒரு குழு, ஆடுகிறவள் என்ன குதித்தாள், எத்தனை சுற்று சுற்றினாள் என்று தீர்மானிக்கும். இன்னொரு வரிசையில் நடுவர்கள் உட்கார்ந்து எவ்வளவு நன்றாகச் செய்தாள் என்று மதிப்பெண் போடுவார்கள். கூடுதலாகப் போட்டவரையும் குறைவாகப் போட்டவரையும் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி எடுப்பார்கள். போட்டி முடிந்ததும் எல்லாம் அச்சிட்ட தாளாகக் கைக்கு வரும். இதைவிட என்ன நியாயம் வேண்டும் என்று நினைத்தேன்.

ஒன்பது போட்டித் தாள்களை நோட்டில் எழுதியபின் அந்த நினைப்பு போய்விட்டது. குதித்ததையும் சுற்றியதையும் எண்ணலாம். ஆட்டத்தின் அழகுக்கும் பாவத்துக்கும் தனியாக மதிப்பெண் உண்டு. அங்கேதான் ஓட்டை. முதலில் ஆடும் பெண்களுக்கு அந்தப் பகுதியில் கம்மி, கடைசியில் ஆடுகிறவர்களுக்கு ஜாஸ்தி. பெயர் தெரிந்த பயிற்சியாளரிடம் படிக்கும் பெண் தடுக்கி விழுந்தாலும் அழகு குறைவதில்லை. யாழினியின் கிளப்பிலேயே எம்மா என்றொரு பெண் இருக்கிறாள். நல்ல பெண், எனக்குக் கதவைத் திறந்து பிடிப்பாள். ஒன்பதில் ஏழு தாள்களில் அவளுடைய அந்தப் பகுதி யாழினியைவிட மேலே. இருவரும் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாததாலேயே வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் ஏழு என்பது ஏழுதான்.

அந்த ஞாயிறன்று எம்மா மூன்றாவது, யாழினி நான்காவது. தாளைப் பார்த்தேன். யாழினி குதித்த ஆக்ஸல் என்ற தாவலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குறி இருந்தது. இந்தத் தாவலில் முன்பக்கம் பார்த்து எழும்பி, இரண்டரைச் சுற்று சுற்றி, பின்பக்கம் பார்த்து இறங்க வேண்டும். அதில் கால் பங்குச் சுற்றுக்கும் மேல் குறைந்துவிட்டது என்பதற்கு அந்தக் குறி. 3.30 கிடைக்க வேண்டிய இடத்தில் 2.64. வித்தியாசம் 0.66. அவள் தோற்றது 0.31.

என் கைப்பேசியில் எடுத்த படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பத்தொன்பது முறை பார்த்தேன். பத்தொன்பது முறையும் இரண்டரைச் சுற்றுத்தான் எண்ணினேன்.

3

வேங்கிக்காலில் திங்கட்கிழமை என்றால் குறைதீர் நாள். காலை ஒன்பது மணிக்கே மனுவுடன் வரிசை நிற்கும். பட்டா, முதியோர் பென்ஷன், பாதையை மறித்த வேலி. முப்பத்தோரு ஆண்டில் எத்தனை மனுக்களை வாசித்திருப்பேன் என்று ஒருமுறை கணக்குப் போட்டு, பயந்து பாதியில் விட்டுவிட்டேன். நல்ல மனு எது, குப்பைக் கூடைக்குப் போகும் மனு எது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன்.

இந்த நாட்டிலும் மனு வேலை செய்கிறது என்பது என் அனுபவம். எங்கள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடமில்லை என்று நகராட்சிக்கு எழுதினேன். நாற்பத்தோராம் நாள் பெஞ்சு வந்தது. அதன்பின் எனக்குத் தைரியம் கூடிவிட்டது. அதுதான் தப்பாகப் போனது.

என்னோடு வேலை பார்த்த ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன். பக்கத்து மேஜைக்காரர், இப்போதும் வேங்கிக்காலில்தான் வீடு. விஷயத்தை முழுக்கக் கேட்டார். பனியில் எதற்காகக் குதிக்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. மனு என்றதும் குரல் நிமிர்ந்துவிட்டது.

"யாருக்கு எழுதுற?"

போட்டியை நடத்தும் சங்கத்துக்கு என்றேன்.

"நகல் யார் யாருக்கு?"

நகல் வேண்டாம் என்று நினைப்பதாகச் சொன்னேன்.

"இன்னாய்யா நீ, சர்வீஸ்ல இருந்தவன் பேசற பேச்சா இது? நகல் போடலைன்னா பிரிச்சிகூட பாக்க மாட்டான். கீழ வரிசையா ஆறு பேர் பேரு இருக்கணும். ஒருத்தன் பதில் சொல்லலன்னாலும் இன்னொருத்தன் கேப்பானோன்னு பயம் வரணும்."

"பாப்பா பேர்ல எழுதறதா, என் பேர்லயா?"

"பாதிக்கப்பட்டது யாரு? பாப்பா. அது பேர்ல எழுது. கீழ 'மனுதாரருக்காக'ன்னு போட்டு நீ கையெழுத்து போடு. தாத்தா எழுதறான்னா கெழவனுக்கு வேலை இல்லன்னுவான்."

சரியான யோசனையாகத்தான் பட்டது. இரண்டு பக்கம் எழுதினேன். பொருள், பார்வை, ஏழு பத்தி, இணைப்பு: தாள் ஒன்று, படம் ஒன்று. பணிவுடன் வேண்டுகிறேன் என்று மூன்று இடத்தில் வந்ததில் ஒன்றை அடித்தேன். நகல்கள்: கிளப் தலைவர், பயிற்சியாளர், அன்று உட்கார்ந்த நடுவர்களில் இணையத்தில் முகவரி கிடைத்த நான்கு பேர். மொத்தம் ஆறு.

சீசன் தொடக்கத்தில் குடும்பத்தார் கையெழுத்திட வேண்டிய நடத்தை விதி என்று பன்னிரண்டு பக்கம் கொடுத்திருந்தார்கள். அதில் எட்டாம் பக்கத்தில், குடும்பத்தார் நடுவர்களை எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று இருந்தது. நான் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பக்கமும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் எங்கள் ஆபீஸ் கதவிலும் 'உத்தரவின்றி உள்ளே வராதீர்' என்று போர்டு தொங்கும். அதன் கீழ் நின்றுதான் எல்லோரும் உள்ளே வருவார்கள். எழுதி ஒட்டியதை அப்படியே அர்த்தப்படுத்திக்கொள்கிற நாடு இது என்று பதினொரு ஆண்டில் நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

யாழினியிடம் நான் சொல்லவில்லை. மலரிடமும் சொல்லவில்லை. வெற்றி வந்தபின் சொல்லலாம் என்று இருந்தேன்.

4

ஆறாம் நாள் பதில் வந்தது. மூன்றே வரி. நடுவர்களின் தீர்ப்பின்மேல் முறையீடு கிடையாது. கூட்டல் கழித்தலில் பிழை இருந்தால் மட்டும் எழுதலாம். மற்றவை கிளப் வழியாகத் தெரிவிக்கப்படும்.

அன்று மாலை மலர் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பயிற்சியாளர் கூப்பிட்டிருந்தாராம். நடுவர்களில் ஒருவர், காரிடாரில் மற்றப் பெண்கள் நிற்கும்போதே யாழினியிடம், உன் கடிதம் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறார். எந்தக் கடிதம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எம்மாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தாளாம். சீசன் முடியும்வரை நான் அரங்கத்துக்குள் வரக்கூடாது. இன்னொரு கடிதம் போனால் யாழினி வேறு பயிற்சியாளரைத் தேடிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் வேறு பயிற்சியாளர் இல்லை. ஏழு ஆண்டு உழைப்பு, என் இரண்டு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் நோட்டை எடுத்து வந்தேன். ஒன்பது தாள், ஏழு முறை, 0.66 என்று ஆரம்பித்தேன்.

"நோட்ட மூடுப்பா" என்றாள்.

மூடினேன்.

"எனக்கு அன்னிக்கு ஒரு மனு எழுதணும்னு உனக்குத் தோணல இல்ல?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அது என்றைக்கு என்று இருவருக்கும் தெரியும்.

இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது மலர் ஒன்பதாம் வகுப்பு. மாவட்ட அளவில் பள்ளிகளுக்கு யோகாசனப் போட்டி, திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூட அரங்கில். ஐந்து நடுவர்கள். அதிலும் இதே முறைதான்: ஒவ்வொரு பெண்ணுக்கும் கூடுதல் மதிப்பெண்ணையும் குறைந்த மதிப்பெண்ணையும் கோடு போட்டு அடித்துவிட்டு, நடுவில் உள்ள மூன்றைச் சராசரி எடுக்க வேண்டும். கணக்கு மேஜைக்கு ஆள் வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார்கள். என்னை அனுப்பினார்கள். என் மகளும் கலந்துகொள்கிறாள் என்று சொன்னேன். நீ போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றார்கள். அந்தச் சொல்லில் நான் மயங்கிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

முடிவை அறிவித்தார்கள். மலர் முதல் இடம், 8.85. அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இரண்டாம் இடம், 8.7. பெரிய அதிகாரி கோப்பையைக் கொடுத்தார். மலர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்தாள். நான் மேஜையில் தாள்களைக் கட்டும்முன் வழக்கம்போல் எண்ணினேன். இருபத்திரண்டு பெண்கள். ஆளுக்கு இரண்டு கோடு. நாற்பத்து நான்கு கோடுகள் இருக்க வேண்டும். நாற்பத்து மூன்றுதான் இருந்தன.

விடுபட்ட கோடு என் மகளின் வரிசையில். ஒரு நடுவர் போட்ட 9.5ஐ அடிக்க மறந்து, மூன்றால் வகுக்க வேண்டியதை நான்கால் வகுத்திருந்தேன். அடித்துப் போட்டால் 8.63. எழுந்து மைக்குக்குப் போனேன். பிழை என்னுடையது, முதல் பரிசு அந்தப் பெண்ணுக்குரியது என்று சொன்னேன். அரங்கம் கைதட்டியது. யாரோ மலரிடமிருந்து கோப்பையை வாங்கி மேடைக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் மலர் யோகாசனம் செய்து நான் பார்த்ததில்லை. இந்தக் கதையை ஆபீஸில் நான் எத்தனை முறை சொன்னேன் என்பதை மட்டும் எண்ணி வைக்கவில்லை. அவள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் சொன்னேன்.

"நீ அந்த மார்க்க அடிச்சது தப்புன்னு நான் ஒரு நாளும் சொல்லலப்பா" என்றாள் மலர். "அந்தப் பொண்ணுதான் ஃபர்ஸ்ட். ஆனா நீ மேஜையிலேர்ந்து மைக்குக்குப் போறதுக்கு நடுவுலதான் நான் உக்காந்திருந்தேன். என்னைத் தாண்டித்தான் போன. நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்."

மேஜைக்கும் மைக்குக்கும் எத்தனை அடி இருக்கும் என்று மனம் தன் போக்கில் கணக்குப் போட்டது. இருபது இருக்கலாம். அதில் ஓர் இடத்தில் அவள் நாற்காலி.

"இப்பவும் அதையேதான் செஞ்சிருக்க. அவளை நீ கேக்கவே இல்ல."

எழுந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அரிசி களையப் போனாள்.

5

யாழினி நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. மலர் என்னை 'நீ' என்பாள். யாழினி சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்டபடி 'நீங்க' என்பாள். அந்த நான்கு நாளும் அதுவும் இல்லை. ஐந்தாம் நாள் அவளுடைய காலுறைகளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக்கொண்டிருந்தேன். இது என் வேலை. ஆட்டத்துக்கு அணியும் நீளக் காலுறை கடையில் 'தோல் நிறம்' என்று விற்கிறது. யாருடைய தோல் என்று தெரியாது, எங்களுடையது இல்லை. பதினான்கு தேயிலைப் பைகளைக் கொதிக்கவைத்து, இருபது நிமிடம் ஊறப்போட்டால் ஏறக்குறைய யாழினியின் நிறம் வரும்.

அவள் அடுப்புப் பக்கம் வந்து நின்றாள். வெறும் சாக்ஸ் காலோடு, சமையலறைத் தரையில் ஒரு முறை குதித்து இறங்கினாள். அப்படியே அசையாமல் நின்று, தன் பாதத்தைச் சுட்டிக் காட்டினாள். பாதம் பின்பக்கம் பார்க்கவில்லை. பக்கவாட்டில், பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தரையிலேயே அதைத் தேய்த்துத் திருப்பினாள்.

"இப்படித்தான் தாத்தா இறங்கினேன். மிச்சத்தைப் பனியிலே திருப்பினேன். நீங்க அதையும் சேத்து எண்ணிட்டீங்க."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"இறங்கும்போதே தெரியும். அவங்க குறி போட்டது சரி."

பத்தொன்பது முறை பார்த்தவன் நான். வயலில் கயிறு ஒரு சாண் நகர்ந்தால் மறுபடி கட்டியவன். இந்த முறை சதுரத்துக்கு வெளியே விளைந்ததையும் சேர்த்து அறுத்திருக்கிறேன்.

அப்படியானால் எல்லாமே நியாயமாகத்தான் நடக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டிருப்பேன்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். போட்டி முடிந்தபின் நடுவர்கள் சில நேரம் பெண்களைக் கூப்பிட்டு, எதைத் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்வது உண்டு. இந்த ஒன்பது போட்டியில் ஆறு முறை தன்னிடம் சொன்ன முதல் வார்த்தை, சிரி என்பதுதான் என்றாள்.

"எம்மாவும் சிரிக்க மாட்டா தாத்தா. அவளைப் பாட்டுக்குள்ளேயே போயிட்டானு சொல்றாங்க. என்னை மட்டும் மூஞ்சியைத் திறன்னு சொல்றாங்க." தேயிலைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்க நோட்டுலே அது இருக்கா?"

இல்லை. நாற்பத்தெட்டுப் பக்க நோட்டில் அது ஒரு வரி இல்லை. ஏழு என்று நான் எழுதியிருந்தேன். அந்த ஏழுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியவளிடம் கேட்கவில்லை.

என் கை தானாகவே சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குப் போனது. அவள் பார்த்துவிட்டாள்.

"எழுதாதீங்க தாத்தா. எழுதணும்னா நான் சொல்றேன். என் பேரை நானே போடுறேன்."

சரி என்றேன். எப்போது சொல்வாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. காலுறையைப் பிழிந்தேன்.

6

ஏகாம்பரம் நேற்றுப் போனில், மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா பார் என்றார். இல்லை என்றேன். கூட்டல் பிழைக்கு மட்டும்தான் என்றதும், அது நல்ல சட்டம்தானே, நம்ம யோகா போட்டி மாதிரி என்று சிரித்தார். அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொன்னார். சமையலறையில் மலர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வேண்டாம்யா, அது என் கதை இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதை மலரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். பாத்திரச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றபோது அவள் மாடிக்குப் போய்விட்டாள். இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு முன் இதை ஊர்க்காரர்களுக்கு எழுதிவிட்டேன் என்பதைக் கவனிக்கிறேன். அதனால் அனுப்புவதற்கு முன் இந்தத் தாள்களை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். மைக் என் நாற்காலிக்கு இடது பக்கம் இருந்தது, அதை மட்டும் சேர்த்துக்கொள் என்றாள். சேர்த்துக்கொள்கிறேன். மைக் அவள் நாற்காலிக்கு இடது பக்கம் இருந்தது.

இப்போது காலைப் பயிற்சிக்கு நான் காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடியில் பனி படியும். துடைத்தாலும் எதிரே அரங்கத்தின் செங்கல் சுவர்தான். ஒரு வரிசைக்கு அறுபத்திரண்டு செங்கல். உள்ளே பாட்டு ஆரம்பிப்பது மட்டும் மங்கலாகக் கேட்கும். எப்போது குதிக்கிறாள், எப்படி இறங்குகிறாள் என்பது தெரியாது.

இன்று காலை ஏழேகாலுக்கு இருவரும் வந்தார்கள். யாழினி பையை என் பக்கத்தில் போட்டுவிட்டு ஏறினாள். நோட்டு என் மடியில் இருந்தது. அவள் அதையே பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.

"ஆக்ஸல் பத்து குதிச்சேன்" என்றாள். "அஞ்சு இறங்கினேன்."

பேனாவைத் திறந்தேன்.

"நாலுனு போடுங்க. ஒண்ணுலே சுத்து குறைச்சல்."

மலர் சாவியைத் திருகாமல் கண்ணாடி வழியே பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் இல்லை, தாள் இல்லை, சரிபார்க்க ஒன்றும் இல்லை. நான்கு என்று எழுதினேன்.